புது லேஅவுட்டா, பழைய லேஅவுட்டா, நத்தமா? வீடு கட்ட இடம் தேடுபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

இரண்டு வருடம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் மனை பார்ப்பதிலேயே போயின. நானும் என் மனைவியும் மதுரையைச் சுற்றி மேலூர் ரோடு, நத்தம் ரோடு, அலங்காநல்லூர் ரோடு, திருமங்கலம் ரோடு என்று எல்லாத் திசையும் அலைந்தோம். தேவை சின்னதுதான். மூன்று, மூன்றரை சென்ட் இடம் வேண்டும். வங்கிக் கடன் கிடைக்க வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்குள் கட்டிக் குடிபோக வேண்டும். மகளுக்குப் பள்ளி வண்டி வர வேண்டும், அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் ஆட்டோ வாசல்வரை வர வேண்டும். வாங்கிப் போட்டுவிட்டுப் பத்து வருடம் கழித்து விற்க நினைப்பவர்களுக்கு நான் எழுதுவதில் பாதி பொருந்தாது. குடியிருக்க இடம் தேடுபவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

எங்கள் கண்ணில் பட்ட இடங்களை நான்காகப் பிரிக்கலாம்: புதிதாகப் போட்ட லேஅவுட் (மனைப்பிரிவு), பத்துப் பதினைந்து வருடம் பழைய லேஅவுட்டில் மறுவிற்பனைக்கு வரும் மனை, கிராமத்துக்குள் குடியிருப்புக்கென ஒதுக்கிய நத்தம் இடம், நகருக்குள் பழைய வீட்டை வாங்கி இடித்துக் கட்டுவது. ஐந்தாவதாக அங்கீகாரமில்லாத மனை. அதைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

முதலில் புது லேஅவுட். எல்லோரும் போலவே நாங்களும் அங்கிருந்துதான் தொடங்கினோம். வேன் வைத்துக் கூட்டிப் போகிறார்கள், மதியச் சாப்பாடு போடுகிறார்கள். நுழைவாயிலில் ஆர்ச், இரண்டு பக்கமும் கொடி, கறுப்புத் தார் மின்னும் சாலை. பார்த்தவுடன் மனது விழுந்துவிடும். இந்த வகையின் உண்மையான பலம் காகிதத்தில் இருக்கிறது. டிடிசிபி எனும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு என்றால் சாலை அகலம், மனையின் அளவு, பூங்கா இடம் எல்லாம் வரைபடத்தில் உறுதியாகிவிடும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவிலும் பதிவாகியிருக்க வேண்டும். அந்த எண்ணை வாங்கி ஆணையத்தின் இணையதளத்தில் நாமே சரிபார்க்கலாம். வங்கியும் அதிகம் கேள்வி கேட்காது. 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமோ முதல் மாடியோடு சேர்த்தோ கட்ட இணையத்திலேயே உடனடி அனுமதி வாங்கிவிடலாம். ஒழுங்கான மனைக்கு இது பெரிய வசதி.

பலவீனம் காகிதத்துக்கு வெளியே இருக்கிறது. மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மனைப்பிரிவைப் பார்த்தோம். மனை கிழக்குப் பார்த்தது, விலையும் கையைக் கடிக்கவில்லை, முன்பணம் கொடுக்கத் தயாராகிவிட்டோம். ஓரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது என் மனைவியிடம், “ஏம்மா, இதுலயா வீடு கட்டப் போறீக? ஐப்பசி மழைக்கு ஒரு தடவ வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்கத்தா” என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சர்வே எண்ணுக்கும் பக்கத்துச் சர்வே எண்களுக்கும் புல வரைபடத்தை (நில எல்லைகளை அளந்து வரைந்த அரசு வரைபடம்) எடுத்துப் பார்த்தோம். இரண்டு புலம் தள்ளி ஓர் ஓடை, தனிச் சர்வே எண்ணோடு, ஒல்லியாக வளைந்து வந்தது. மனைப்பிரிவுக்குப் பக்கத்தில் வந்ததும் தரையில் அந்த ஓடையைக் காணோம். வரைபடத்தில் மட்டும் இருந்தது.

ஐப்பசியில் போனோம். ஆர்ச் நின்றது. நாங்கள் வாங்க இருந்த மனையில் கெண்டைக்கால் அளவு தண்ணீர்.

இது ஏதோ ஓர் இடத்தின் கதை இல்லை. நம் ஊர்களின் அமைப்பே அப்படி. ஊர் மேட்டில் இருக்கும், வயல் பள்ளத்தில் இருக்கும், அதற்கும் மேலே கண்மாய் இருக்கும். கண்மாய்த் தண்ணீர் வயலுக்குப் பாய வேண்டும் என்றால் வயல் தாழ்ந்துதான் இருக்க வேண்டும். லேஅவுட் போடப்படுவது அந்த வயலில்தான். மதுரையைச் சுற்றியுள்ள பெயர்களைக் கவனியுங்கள்: கடச்சனேந்தல், உலகனேரி, ஊமச்சிகுளம். ஏந்தல், ஏரி, குளம் என்று பெயரே தண்ணீரைச் சொல்கிறது. அதற்காக அந்த ஊர்களில் வாங்கவே கூடாது என்று அர்த்தமில்லை. கண்மாய் எங்கே இருக்கிறது, அது நிறைந்து மறுகால் பாய்ந்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். 2024 அக்டோபரில் ஒரு நாள் மழைக்கே செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

“மண்ணடித்து உயர்த்திக்கொள்ளலாம் சார்” என்பார்கள். உயர்த்தலாம். 1,500 சதுர அடி மனையை மூன்றடி உயர்த்த 4,500 கன அடி மண், அதாவது யூனிட்டுக்கு 100 கன அடி வீதம் 45 யூனிட் கிராவல் வேண்டும். ரோலர் விட்டு இறுக்கினால் இன்னும் கூடும். அந்தச் செலவையும் மனை விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நீங்கள் உயர்த்திய பிறகு பக்கத்து மனைக்காரர் இன்னும் ஓரடி உயர்த்துவார், சாலை போடும்போது அதுவும் உயரும். தண்ணீருக்கு எதிரான இந்தப் போட்டியில் கடைசியாகக் கட்டியவர்தான் ஜெயிப்பார்.

புது லேஅவுட்டில் இன்னொன்று, வரப்போவதற்கும் சேர்த்து இன்றே விலை கொடுக்கிறோம். தோப்பூரில் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய நாளிலிருந்து திருமங்கலம் ரோட்டில் “எய்ம்ஸ் அருகில்” என்று எழுதாத மனை விளம்பரம் அபூர்வம். நத்தம் ரோட்டில் 2023 ஏப்ரலில் 7.3 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்த பிறகு பயண நேரம் உண்மையிலேயே குறைந்தது. ஆனால் அந்த நேரத்துக்கு உரிய விலை பாலத்தின் தூண் எழும்பும்போதே மனைகளில் ஏறியிருந்தது. வந்துவிட்ட வசதிக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. வரும் என்று சொல்லப்படும் வசதிக்கு, குடியிருக்க வாங்குபவர் ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

அப்புறம் நத்தம். சொல்லப்போனால் என் மனது ஒட்டியது இங்கேதான். கிராம நத்தம் என்பது குடியிருப்புக்கென்றே காலங்காலமாக ஒதுக்கப்பட்ட இடம். நம் முன்னோர்கள் மழையை நூற்றுக்கணக்கான வருடம் பார்த்துவிட்டு வீடு கட்டிய மேடு அது. அழகர்கோவில் ரோட்டிலிருந்து பிரிந்து போகும் ஒரு கிராமத்தில் மூன்றே கால் சென்ட் பார்த்தோம். அந்த ஐப்பசி மழைக்கு மறுநாள் போனபோது மண் ஈரமாக இருந்ததே தவிர ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. வேப்ப மரம், பக்கத்திலேயே அம்மன் கோயில், கூப்பிடு தூரத்தில் மனிதர்கள். விலையும் லேஅவுட் விலையில் பாதிக்குக் கொஞ்சம் கூட.

அதில் சிக்கல் தாய்ப்பத்திரத்தில், அதாவது மூலப் பத்திரத்தில், இருந்தது. நத்தத்தில் பல வீடுகளுக்கு அனுபவம்தான் ஆதாரம். தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறார்கள், பத்திரம் இருக்காது. 1990களில் நத்தம் நில அளவை நடந்தபோது முதலில் தற்காலிகமான தோராயப் பட்டாவும், பிறகு இறுதியான தூயப் பட்டாவும் கொடுத்தார்கள். தூயப் பட்டா இருந்தால் நிம்மதி. தோராயப் பட்டாவோடு நின்றிருந்தால் வங்கியின் வழக்கறிஞர் கையெழுத்துப் போடத் தயங்குவார். சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று போட்டால் ஒன்றுமே வராது. ஒன்றும் வராததற்கு வில்லங்கம் இல்லை என்று பொருளில்லை, எதுவும் பதிவாகவே இல்லை என்பதாகவும் இருக்கலாம். நாங்கள் பார்த்த இடத்தில் பட்டா விற்பவர்களின் தாத்தா பெயரில், அவர் காலமாகிவிட்டார். வாரிசுகள் ஆறு பேர், அதில் மூன்று பேர் பெண்கள். “தங்கச்சிமாருக்குச் சீர் செஞ்சாச்சு தம்பி, அவுக கையெழுத்தெல்லாம் வேணாம்” என்றார் மூத்தவர். சீர் செய்வது வேறு, பங்கு வேறு. மகள்களுக்கும் சொத்தில் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. கையெழுத்துப் போடாத வாரிசின் பங்கு நம் கைக்கு வராது. ஒரு தங்கை திருப்பூரில் இருந்தார், அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை. ஐந்து மாதம் காத்திருந்துவிட்டு மனமில்லாமல் விட்டோம். இன்னொரு சிக்கல் பாதை. தெரு பத்தடிதான், அதிலும் ஒரு திருப்பத்தில் திண்ணை நீட்டிக்கொண்டிருந்தது. கம்பியும் ஜல்லியும் ஏற்றி வரும் லாரி அதில் திரும்பாது.

நத்தம் இடம் உங்களுக்குக் கிடைத்து, தூயப் பட்டாவும் இருந்து, வாரிசுகள் எல்லோரும் ஒரே நாளில் சார்பதிவாளர் அலுவலகம் வருகிறார்கள் என்றால் தயங்காமல் வாங்குங்கள். கடன் தேவைப்படாத குடும்பத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்.

நகருக்குள் பழைய வீட்டை வாங்கி இடித்துக் கட்டும் யோசனை அம்மாவுடையது. மாசி வீதிகளுக்கு உட்புறம் ஒன்றேகால் சென்ட், ஒன்றரை சென்ட்டில் ஓட்டு வீடுகள் விற்பனைக்கு வரும். கோயில், கடைத்தெரு, ஆஸ்பத்திரி எல்லாம் நடக்கிற தூரம். கார்ப்பரேஷன் குழாய், பாதாளச் சாக்கடை எல்லாம் ஏற்கெனவே உண்டு. ஆனால் லேஅவுட்டில் மூன்றரை சென்ட் வாங்கும் பணத்துக்கு இங்கே ஒன்றரை சென்ட் கிடைப்பதே அரிது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது. கீழே ஒன்று மேலே ஒன்று கட்டுபவர்களுக்கு இது தடையில்லை, மகனுக்கு ஒரு மாடி மகளுக்கு ஒரு மாடி என்று நினைப்பவர்கள் யோசிக்க வேண்டும். நாங்கள் பார்த்த வீட்டில் ஒரு பக்கம் பொதுச்சுவர். அதை இடித்தால் பக்கத்து வீட்டு உத்தரம் எதில் நிற்கும்? மணலும் செங்கல்லும் தெரு முனையில் இறக்கி, அங்கிருந்து குட்டியானை வண்டியிலும் அதற்குப் பிறகு தலைச்சுமையிலும் வர வேண்டும். இடிக்கிற கூலி, இடிபாட்டை அள்ளிப் போகிற கூலி தனி. வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கும், கடை வியாபாரம் அங்கேயே இருப்பவர்களுக்கும் இது சரி. எங்களுக்கு ஒத்துவரவில்லை.

இப்போது அங்கீகாரமில்லாத மனை. விலை குறைவு என்பதைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அதன்பின் 2016 அக்டோபர் 20க்கு முன்பு மனையாகப் பதிவானவற்றை வரன்முறைப்படுத்திக்கொள்ள, அதாவது பின்னாலேயே அங்கீகாரம் வாங்கிக்கொள்ள, 2017இல் அரசு விதிமுறை கொண்டுவந்தது. இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் மனையாக விற்கப்பட்ட இடத்துக்கு இன்றும் பத்திரம் பதிவாகும். பத்திரம் பதிவாகிறது என்பதாலேயே அதில் வீடு கட்ட அனுமதி கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். வரன்முறை ஆணையைக் கையில் கொடுத்தால் மேலே பேசுங்கள். “பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு” என்றால் எழுந்து வந்துவிடுங்கள், மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவரின் கையெழுத்துக்குத் தனியாகக் கிடையாது.

கடைசியில் எங்களுக்கு அமைந்தது பழைய லேஅவுட். அங்கீகாரம் பெற்று வருடங்கள் ஆகி, பாதி மனைகளில் வீடு வந்துவிட்ட இடம். முதலில் நாங்கள் இதைப் பார்க்கவே இல்லை, காரணம் விலை. எண்களைப் போட்டுப் பார்ப்போம். நாங்கள் தேடியபோது கேட்ட விலை இது, உங்கள் பகுதிக்கு மாறும். புது லேஅவுட்டில் சதுர அடி 1,400 ரூபாய், 1,500 சதுர அடிக்கு 21 லட்சம். பழைய லேஅவுட்டில் 1,900 ரூபாய், மொத்தம் 28 லட்சத்து 50 ஆயிரம். ஏழரை லட்சம் வித்தியாசம். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 9 சதவீதம் என்பதால் பதிவுச் செலவிலும் 67,500 ரூபாய் கூடும்.

இனி மறுபக்கம். புது லேஅவுட்டில் முதல் ஆளாக வீடு கட்டிக் குடிபோகத் துணிச்சல் வேண்டும். தெருவிளக்கு எரியாது, பள்ளி வண்டி வராது, ராத்திரி கூப்பிட்டால் கேட்க ஆளில்லை. நான்கு வீடு வரட்டும் என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் காத்திருப்பார்கள். அப்படி நான்கு வருடம் காத்திருந்தால், மாதம் 12,000 ரூபாய் வாடகையில் 5 லட்சத்து 76 ஆயிரம் போய்விடும். அந்த நான்கு வருடமும் மனைக் கடனுக்கு வட்டியும் கட்டுகிறோம். வீடு கட்டி முடிக்காதவரை அந்த வட்டிக்கு வருமான வரியில் சலுகையும் கிடையாது. இதோடு 45 யூனிட் கிராவலைச் சேர்த்தால் ஏழரை லட்சம் வித்தியாசம் எங்கே போனது என்றே தெரியாது.

இதையெல்லாம் விடப் பெரிய லாபம், பழைய லேஅவுட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்கிறார்கள். போர் எத்தனை அடியில் தண்ணீர் கொடுத்தது, கோடையில் வற்றியதா, தண்ணீர் உப்பா நல்லதா என்று பக்கத்து வீட்டில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நம்முடையது பாறைப் பூமி, ஒரு தெருவில் கிடைக்கும் தண்ணீர் அடுத்த தெருவில் கிடைப்பதில்லை. எதிர்வீட்டு ஐயா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தன் காம்பவுண்டுச் சுவரைக் காட்டினார். அடியில் அரையடி உயரத்துக்குச் செம்மண் கறை. “பதினஞ்சு வருசத்துல அதிகபட்சம் இம்புட்டுத்தான் தம்பி வந்துச்சு, அன்னைக்கே வடிஞ்சிருச்சு” என்றார். எந்த விளம்பரத் தாளிலும் கிடைக்காத தகவல் அந்தக் கறையில் இருந்தது. பக்கத்தில் யாரோ அஸ்திவாரம் தோண்டியிருந்தார்கள். எங்கள் மேஸ்திரி குழிக்குள் இறங்கி நான்கடி ஆழத்து மண்ணை எடுத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் திரித்துப் பார்த்தார். கயிறாகத் திரளாமல் உதிர்ந்தது. செம்மண்தான், சாதாரண அஸ்திவாரம் போதும் என்றார். திருமங்கலம் தாண்டிப் பார்த்த ஓர் இடத்தில் அதே மண் சோதனையில் கரிசல் வழவழவென்று நீண்டுகொண்டே போனது. கரிசல் மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும், அஸ்திவாரத்துக்கே தனிப் பணம் வேண்டும்.

பழைய லேஅவுட்டிலும் பார்க்க வேண்டியவை உண்டு. எல்லைக் கல் காணாமல் போயிருக்கும். எங்கள் மனை பத்திரத்தில் 40 அடி அகலம், டேப் பிடித்தால் 38½ அடி. பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு ஒன்றரை அடி உள்ளே வந்திருந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, கல் இல்லாததால் கொத்தனார் குத்துமதிப்பாகக் கட்டிவிட்டார். பூங்காவுக்கு விட்ட இடத்தையே மனையாக்கி விற்ற கதைகளும் உண்டு, ஆகவே அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் உங்கள் மனை எண்ணைத் தேடிப் பாருங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்து பவர் (அவர் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம்) வாங்கியவர் விற்கிறார் என்றால், உரிமையாளரோடு வீடியோ காலிலாவது பேசிவிடுங்கள். பவர் கொடுத்தவர் காலமாகியிருந்தால் அந்தப் பவர் செல்லாது. வில்லங்கச் சான்றை 30 வருடத்துக்காவது போடுங்கள். பதிவானது மட்டுமே அதில் வரும் என்பதால் அசல் பத்திரங்களைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண் என்ன வகை நிலம் என்றும் பாருங்கள். புறம்போக்கு, கோயில் நிலம், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் ஆகியவை எத்தனை கை மாறி வந்தாலும் பின்னால் பிரச்சினைதான்.

தெற்குப் பார்த்த மனை என்று எங்களுடையதற்கு ஆள் வரவில்லை, அதனால் சதுர அடிக்கு நூறு ரூபாய் குறைந்தது. அம்மாவுக்குக் கொஞ்சம் மனக்குறை. வாசலைக் கிழக்கே திருப்பிக் கட்டலாம் என்று மேஸ்திரி தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டியதும் சமாதானமானார்.

பதிவுக்கு முன்பே விற்பவரைச் சர்வேயருக்கு மனுப் போட வைத்தோம். அவர் சங்கிலி பிடித்து அளந்த அன்று பக்கத்து வீட்டுக்காரரும் உடன் நின்றார். ஒன்றரை அடி உள்ளே வந்தது அவருக்கே வருத்தம். சுவரை இடிக்கச் சொல்ல எங்களுக்கு மனமில்லை, 38½ அடிக்கே பத்திரம் எழுதி, குறைந்த அளவுக்கு விற்பவர் விலையைக் குறைத்துக்கொண்டார். பத்திரத்தில் அளவு, புதுக் கல், சுவர் மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. தை பிறந்ததும் போர் போடுகிறோம்.